ஹட்டன் மாடிக்கடையில் உலகக் கிண்ண பிளே ஓஃப் இரவுகள்: ஒரு மதிப்பீடு

மலையகத்தில் இருந்துகொண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் கடைசி இடங்களைத் தீர்மானிக்கும் பிளே ஓஃப் ஆட்டங்களை நாலு பேரோடு சேர்ந்து, முதல் விசிலிலிருந்து கடைசிப் பெனல்டி வரை முழுமையாகப் பார்க்க விரும்புவோருக்கு, ஹட்டன் பிரதான வீதியில் மேல்மாடியில் இயங்கும் ஒரு சாப்பாட்டுக் கடையை நான் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். கீழே பலசரக்குக் கடையும் மேலே சாப்பாட்டுக் கடையுமாக உள்ள அந்தக் கட்டடத்தை மாடிக்கடை என்று சொன்னாலே பஸ் நிலையத்து ஆட்டோக்காரர்களுக்கு விளங்கிவிடும். பகலில் அது சோறு, கொத்து, தேநீர் என்று ஏனைய கடைகளைப் போலவே நடக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய ஆட்டம் உள்ள இரவுகளில் மேசைகளை ஓரங்கட்டி, வெள்ளைச் சுவரில் ப்ரொஜெக்டர் வெளிச்சம் விழும்போது அங்கே கிடைப்பதைப் பற்றியே எழுதுகிறேன். வரும் மார்ச் 26 ஆம், 31 ஆம் திகதிகளில் 2026 உலகக் கிண்ணத்துக்கான கடைசி ஆறு இடங்கள் முடிவாகவிருப்பதால், எங்கே போய்ப் பார்ப்பது என்று யோசிப்போருக்கு இது இப்போதே பயன்படும்.

லீக் ஆட்டத்தைக் காட்டுவதற்கும் பிளே ஓஃப் ஆட்டத்தைக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்த கடைகள் குறைவு. லீக்கில் தோற்ற அணிக்கு அடுத்த வாரம் இன்னோர் ஆட்டம் உண்டு. பிளே ஓஃபில் தோற்ற அணி நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2021 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இத்தாலி, 2022 மார்ச் 24 அன்று பலெர்மோவில் வட மசிடோனியாவிடம் 1-0 என்று தோற்று வெளியேறியது. 92 ஆவது நிமிடத்தில் அலெக்சாண்டர் டிராஜ்கோவ்ஸ்கி தூரத்திலிருந்து அடித்த பந்துதான் ஆட்டத்தின் ஒரே கோல். அதற்கு முன்னர் 2017 நவம்பரில், முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றிருந்த அதே இத்தாலி, மிலானில் சுவீடனுக்கு எதிராக ஒரு கோலும் போட முடியாமல் 1958 க்குப் பின் முதற்தடவையாக உலகக் கிண்ணத்தை இழந்தது. இத்தகைய ஆட்டங்களில் கடைசி ஐந்து நிமிடங்களைத் தவறவிடுபவர் ஆட்டத்தையே தவறவிட்டவராவார். இன்னொரு நகரத்துக் கடையொன்றில், முழுநேரம் சமநிலையில் முடிந்து மேலதிக நேரம் தொடங்கும் தறுவாயில், நேரமாகிவிட்டது என்று சொல்லித் தொலைக்காட்சியை நிறுத்தி எங்களை வாசலுக்கு அனுப்பினார்கள். அந்த இரவுக்குப் பின் எந்தக் கடையைப் பற்றியும் நான் முதலில் விசாரிப்பது திரையின் அளவையல்ல, அவர்கள் எப்போது கதவைப் பூட்டுவார்கள் என்பதையே.

மாடிக்கடையின் முதற் சிறப்பு அதுதான். ஆட்டம் முடியும் வரை கதவு பூட்டப்படுவதில்லை. கடந்த நவம்பரில் ஆபிரிக்க வலயத்தின் பிளே ஓஃப் இறுதியாட்டம் மொரோக்கோவின் ரபாத்தில் நடந்தபோது, நம் நேரப்படி நள்ளிரவு கடந்து 12.30 க்குத்தான் தொடங்கியது. நைஜீரியா மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டது. கொங்கோ ஜனநாயகக் குடியரசு முதற் பாதியிலேயே அதைச் சமப்படுத்தியது. பிறகு மேலதிக நேரமும் கடந்து பெனல்டிக்குப் போனது. கொங்கோ பயிற்றுநர் மேலதிக நேரத்தின் இறுதியில் கோல் காப்பாளரை மாற்றி, டிமோத்தி ஃபயுலுவைப் பெனல்டிக்காகவே களமிறக்கியபோது, கூட்டத்தில் பாதிப் பேர் அது என்ன ஏற்பாடு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்கள். 2022 ஜூனில் பெருவுக்கு எதிராக அவுஸ்திரேலியா அண்ட்ரூ ரெட்மெய்னை இவ்வாறே இறக்கி, கோல் கோட்டில் அவர் துள்ளி ஆடிய நடனத்தோடு கட்டார் உலகக் கிண்ணத்துக்குப் போனதை நினைவில் வைத்திருந்த ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கினார். ஃபயுலு தடுத்தார், கொங்கோ வென்றது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. முதலாளி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசி வரை விழித்திருந்தார். எவரையும் எழும்பச் சொல்லவில்லை, விளக்கைப் போட்டு நேரத்தை உணர்த்தவுமில்லை.

இரண்டாவதாக, சத்தம். இது சிறிய விடயமாகத் தோன்றலாம், ஆனால் கொத்துக் கடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். கொத்துத் தகட்டில் இரண்டு கத்திகளும் விழும் சத்தம் வர்ணனையை முற்றாக மூடிவிடும். இந்தக் கடையில் 75 ஆவது நிமிடத்துக்குப் பின் கொத்துக்கு ஓடர் எடுப்பதில்லை. மேலதிக நேரத்துக்கு முன் உள்ள சிறு இடைவேளையில் மட்டும் தகடு மீண்டும் சூடாகும். பெனல்டி நேரத்தில் ஒருவர் கொத்துக் கேட்டபோது, “அண்ணே, இப்ப வராது, பெனல்டி முடியட்டும்” என்று பரிமாறும் பையன் மெதுவாகச் சொல்லிவிட்டு, தகட்டுக்குப் பக்கத்தில் கத்திகளைக் குறுக்காக வைத்தபடி தானும் திரையைப் பார்த்து நின்றான். வியாபாரத்தை நிறுத்திவைத்து ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும் இந்தப் பண்புக்காகவே அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போகலாம்.

மூன்றாவது சிறப்பு, படிக்கட்டின் தலைப்பில் தொங்கும் கரும்பலகை. பிளே ஓஃப் முறை ஒவ்வொரு தடவையும் மாறுவதால், எந்த அணி எதற்காக ஆடுகிறது என்பது ஆட்டத்தை விரும்பிப் பார்ப்பவருக்கே குழப்பமாக இருக்கும். 2018 உலகக் கிண்ணம் வரை ஐரோப்பிய பிளே ஓஃப் சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலுமாக இரண்டு ஆட்டங்களாக நடந்தது. 2022 முதல் ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. இம்முறை ஐரோப்பாவில் பன்னிரண்டு குழுக்களிலும் முதலிடம் பெற்ற அணிகள் நேரடியாகத் தகுதி பெற்றுவிட்டன. இரண்டாமிடம் பெற்ற பன்னிரண்டு அணிகளும் ஐரோப்பிய நாடுகளின் இன்னொரு போட்டியான நேஷன்ஸ் லீக் வழியாக வந்த நான்கு அணிகளுமாகப் பதினாறு அணிகள் நான்கு பாதைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதையிலும் அரையிறுதியும் இறுதியாட்டமும் ஆடி, பாதைக்கு ஒன்றாக நான்கு அணிகள் மட்டும் தகுதி பெறும். இதையெல்லாம் அம்புக்குறி போட்டு, அணிகளின் பெயர்களைத் தமிழில் எழுதி, வென்ற அணிக்கு அடியில் வெள்ளைக் கோடும் தோற்ற அணிக்கு மேல் குறுக்குக் கோடும் இழுத்து வைத்திருக்கிறார்கள். பாடசாலை மாணவர்கள் சிலர் அதைக் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு போவதைக் கண்டேன். ஒரு சாப்பாட்டுக் கடை இவ்வளவு சிரத்தை எடுப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

ஆனால் அந்தப் பலகையில் ஒரு குறையும் உண்டு, அதை முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன். ஐரோப்பிய நாடுகள் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்துகின்றன. பிளே ஓஃப் அரையிறுதி அந்த ஞாயிறுக்கு முன்னும் இறுதியாட்டம் அதற்குப் பின்னும் வருவதால், அங்கே இரண்டும் இரவு 8.45 க்கே தொடங்கினாலும், நமக்கு அரையிறுதி அதிகாலை 1.15 க்கும் இறுதியாட்டம் நள்ளிரவு 12.15 க்கும் தொடங்கும். 2022 இல் பலகையில் இரண்டுக்கும் 1.15 என்றே எழுதியிருந்தார்கள். போர்த்துக்கலுக்கும் வட மசிடோனியாவுக்கும் இடையிலான ஆட்டத்துக்கு அந்த நேரத்தை நம்பி வந்தவர்கள் வந்து உட்கார்ந்தபோது முதற் பாதி முடிந்து, புரூனோ பெர்னாண்டஸ் முதலாவது கோலைப் போட்டு வெகு நேரமாகியிருந்தது. இத்தாலியை வீழ்த்திய அணி அடுத்து என்ன செய்யும் என்று பார்க்க டிக்கோயாவிலிருந்து வந்த சிலர் மிகவும் மனம் நொந்தார்கள். இந்தத் தடவை நேரத்தைச் சரிபார்த்து எழுதுவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை, வானம் தெளிவாக உள்ள இரவுகளில் குறை சொல்ல இடமில்லை. சுவரில் விழும் படம் பெரியது. பின்வரிசையில் இருப்பவருக்கும் ஜேர்சியின் இலக்கம் தெரியும். மழைதான் சிக்கல். டிஷ் அன்டெனாவுக்கு வரும் செய்மதி அலை கடும் மழையில் வலுவிழந்து படம் கட்டங்கட்டமாக உடைந்துபோவது மேற்குச் சரிவில் வாழும் நமக்குப் புதிதல்ல. தென்மேற்குப் பருவமழை ஹட்டனில் பொழியும் ஜூன் மாதத்தில் இது இன்னும் மோசம். அவுஸ்திரேலியா பெரு ஆட்டத்தின்போது பல தடவை படம் நின்று நின்று வந்தது. இப்போது கடைக்காரர் வழமையைவிடப் பெரிய அன்டெனாவைப் பொருத்தியிருப்பதோடு, மழை வலுத்தால் இணைய ஒளிபரப்புக்கு மாற்றுகிறார். இணைய ஒளிபரப்பு செய்மதியைவிடச் சில விநாடிகள் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளிக்குள் யாரோ ஒருவரின் கைபேசி கோல் விழுந்த செய்தியைச் சொல்லிவிடுகிறது. பெனல்டியின்போது கைபேசிகளை அணைத்து வைக்கும்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்மவர்கள் கேட்பார்கள். ஆனால் அதைச் சொல்ல அங்கே ஒருவரும் முன்வருவதில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் மாதத்தில் நாட்டில் எரிபொருள் இல்லாமல் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வீதியில் வரிசையில் நின்றார்கள். அந்த நாட்களில் ஜெனரேட்டர் ஓட்டுவதற்கு டீசல் தேடுவது முறையாகாது என்று கருதிய முதலாளி, ஒரு சிறிய தொலைக்காட்சியை மின்கலத்தில் இயக்கி நடுமேசையில் வைத்தார். இத்தாலி வெளியேறிய அந்த அதிகாலையில், மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தச் சிறு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் தோளோடு தோள் நெருங்கி நின்று பார்த்தார்கள். இப்போது மின்கல ஏற்பாடு பெரிதாகியுள்ளது, மின்சாரம் நின்றால் ஒரு நிமிடத்துக்குள் படம் திரும்பிவிடுகிறது.

சாப்பாட்டில் முட்டை ரொட்டியும் கட்டச்சம்பலும்தான் இரவுக்குப் பொருத்தம். ரொட்டியை முன்கூட்டிச் சுட்டு அடுக்கி வைக்காமல் கேட்ட பின்பே தட்டுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மிருதுவாகவும் வருகிறது. சம்பலில் மாசி தாராளமாகச் சேர்ப்பதால் மரக்கறி உண்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்குப் பருப்புக் கறி கிடைக்கும். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ அருமை. ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனால் ஒரு சுற்றுத் தேநீர் காசில்லாமல் வரும். கோழிக் கொத்து எண்ணெய் அதிகம், அந்த நேரத்தில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஏதாவது ஒன்று வாங்கினால் போதும் என்பதே வழக்கம், ஒரு பிளேன்டீயோடு முழு ஆட்டத்தையும் பார்த்தவரை எவரும் முறைத்துப் பார்த்ததில்லை. தோட்டத்து நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் அதிகமாக வரும் இடத்தில் இது பெரிய விடயம். மதுவுக்கு இடமில்லை என்பதையும் பாராட்ட வேண்டும், அதனால்தான் அப்பாமார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இருக்கை ஏற்பாடு அவ்வளவு திருப்தியில்லை. பிளாஸ்டிக் கதிரைகள் நெருக்கமாகப் போடப்படுவதால் நடுவில் இருப்பவர் எழுந்து போவது சிரமம். வீதிப் பக்கத்து ஜன்னல்களில் ஒன்று சரியாக மூடுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் உள்ள ஊரில், நள்ளிரவுக்குப் பின் அந்த இடைவெளியால் வரும் பனிக்காற்று முதுகில் நேரே அடிக்கும். கழிவறை கீழே ஒன்றுதான், அதற்கும் வெளியே போய்த்தான் இறங்க வேண்டும். பெண்கள் வருவதற்கு ஏற்ற வசதி போதவே போதாது. தமையனோடும் தகப்பனோடும் வரும் பெண் பிள்ளைகள் சிலர் வாசல் ஓரமாக ஒரு வாங்கில் ஒடுங்கி உட்காருகிறார்கள், அங்கிருந்து திரையின் ஒரு பக்கம் தூணில் மறையும். பாடசாலை அணியில் ஆடும் பிள்ளைகள் அவர்கள். ஆட்டத்தைப் பற்றி அங்கிருக்கும் பலரைவிட விளக்கமாகப் பேசுகிறார்கள். முன்வரிசையில் ஒரு பகுதியை அவர்களுக்கென்று ஒதுக்குவதற்குக் காசு செலவில்லை, மனம் இருந்தால் போதும். இதைக் கடைக்காரர் உடனடியாகச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்குத் திரும்புவதுதான் மலையகத்தில் எந்த இரவு நிகழ்ச்சிக்கும் உள்ள உண்மையான தடை. கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். மறுநாள் காலையில் தோட்டத்தில் பெயர் பதியும் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர் பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான் விழும், சில வேளை அதுவுமில்லை. இதை உணர்ந்து கடைக்காரர் நோர்வூட், கொட்டகலை, வட்டவளைப் பக்கங்களுக்கு ஆட்டோக்களைப் பேசி வைத்து, ஒரே திசையில் போகிறவர்களைச் சேர்த்து அனுப்புகிறார். ஆளுக்கு வரும் கூலி அதனால் வெகுவாகக் குறைகிறது. கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பின் பலர் இரவில் மலைப்பாதையில் போக அஞ்சுகிறார்கள், அந்த அச்சம் நியாயமானது. மழை பெய்யும் இரவில் விடியும் வரை மாடியிலேயே தங்கிக்கொள்ள அனுமதிக்கிறார்கள். கதிரையைச் சேர்த்துப் படுப்பதுதான் வசதி என்றாலும், ஒரு கடைக்காரர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

அங்கே கூடும் கூட்டத்தைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மதிப்பீடு குறையுள்ளதாகிவிடும். ஆர்ஜென்டீனாவுக்கும் பிரேசிலுக்கும் கொடி பிடிக்கும் நம்மவர்கள், பிளே ஓஃப் இரவுகளில் சிறிய அணிகளின் பக்கம் நிற்கிறார்கள். நவம்பரில் பஸ்ராவில் ஈராக்கும் ஐக்கிய அரபு இராச்சியமும் மோதியபோது, முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்த நிலையில், இரண்டாவதும் அதே கணக்கில் நின்றது. உபாதை நேரம் நீண்டு நீண்டு போக, மத்தியஸ்தர் காணொளியைப் பார்த்துப் பெனல்டி வழங்கினார். ஆட்டம் தொடங்கி 107 ஆவது நிமிடத்தில் ஈராக்கின் அமீர் அல் அம்மாரி அதை அடித்தார். வளைகுடாவில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள்; அவர்களில் சிலர் ஒரு பக்கம், சிலர் மறுபக்கம். கோல் விழுந்ததும் எழுந்த ஆரவாரம் அடங்கிய பின், தோற்ற அணிக்காகவும் கைதட்டினார்கள்.

அவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கல்ல. தரவரிசையில் உலகின் அடித்தளத்துக்கு அருகே நிற்கும் நமது தேசிய அணியும் பிளே ஓஃப் வழியாகத்தான் எதையும் அடைய முடிகிறது. 2019 இல் மக்காவுவிடம் முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றிருந்த இலங்கை, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளைக் காரணம் காட்டி மக்காவு கொழும்புக்கு வர மறுத்ததால், 3-0 என்ற வெற்றி வழங்கப்பட்டு அடுத்த சுற்றுக்குப் போனது. அது களத்தில் பெற்ற வெற்றியல்ல என்ற மனக்குறை எங்களுக்கு இருந்தது. 2023 இல் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைப் பல மாதங்கள் இடைநிறுத்தியும் வைத்திருந்தது. ஆனால் 2024 செப்டெம்பரில், 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்கான பிளே ஓஃபில், கொழும்பில் கோலின்றி முடிந்த முதல் ஆட்டத்துக்குப் பின் நொம்பென்னில் கம்போடியாவுடன் 2-2 என்று நின்று, பெனல்டியில் வென்று அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அந்த வெற்றியின் விவரம் இன்னமும் கரும்பலகையின் மேல் மூலையில் அழிக்கப்படாமல் இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இனி வரும் மார்ச் இரவுகளுக்கு. 26 ஆம் திகதி இரவு, அதாவது 27 வெள்ளி அதிகாலை 1.15 க்கு, ஐரோப்பிய அரையிறுதிகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் தொடங்கும். துருக்கி ருமேனியா ஆட்டம் மட்டும் இரவு 10.30 க்கே தொடங்குவதால், வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு அதுவே உகந்தது. மூன்றாவது முறையும் வெளியேறக் கூடாது என்ற நெருக்கடியோடு வட அயர்லாந்தைச் சந்திக்கும் இத்தாலியைப் பெரிய திரையில் காட்டப் போகிறார்கள். உக்ரைன் சுவீடன் ஆட்டத்தை விரும்புவோர் பக்கச் சுவரில் உள்ள சிறிய தொலைக்காட்சியில்தான் பார்க்க வேண்டும், அதற்கு ஒலி இருக்காது. ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும் இரவில் இந்தக் கடையின் வசதி போதாது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைத்தான் பார்ப்பேன் என்பவர் அன்று வீட்டில் இருப்பதே மேல். பொலிவியா, சுரினாம், ஜமெய்க்கா, நியூ கலிடோனியா ஆகியன ஆடி, வென்றவை ஈராக்கையும் கொங்கோவையும் சந்திக்கும், மீதி இரண்டு இடங்களுக்கான கண்டங்களுக்கிடையிலான பிளே ஓஃப் மெக்சிக்கோவில் நடக்கிறது. அங்கே இரவு நமக்குக் காலை என்பதால் கடை அதைத் திரையிடுவதாக இல்லை. கொங்கோவுக்காக அந்த மாடியில் விழித்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றமே, குறைந்தது இறுதியாட்டங்களையாவது காட்ட வேண்டும்.

31 ஆம் திகதி இரவு 12.15 க்குத் தொடங்கும் ஐரோப்பிய இறுதியாட்டங்களுக்கு நான் கட்டாயம் போகச் சொல்வேன். மறுநாள் ஏப்ரல் 1 பௌர்ணமி விடுமுறை என்பதால் விடியும் வரை இருந்தாலும் கவலையில்லை. நான்கில் எதைப் பெரிய திரையில் போடுவது என்பதை அன்று இரவு கைதூக்கச் சொல்லித் தீர்மானிப்பார்கள். தொலைபேசியில் இடம் ஒதுக்குவதில்லை. தூண் மறைக்காத கதிரை வேண்டுமானால் முதல் நாள் பகலில் நேரே போய்ப் பெயரைக் கொடுத்துவிட வேண்டும், திரும்பிப் போக ஆட்டோ தேவைப்படுவோர் எந்தத் தோட்டம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.